நெஞ்சின் மேல் ஒரு நில அதிர்வுமானி

கோவிலம்பாக்கத்தில், பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடிச் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில் நீங்கள் குடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவு. கதவும் சன்னலும் சாத்தியிருக்கின்றன. திடீரென்று அலமாரியில் அடுக்கியிருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் 'கிணுகிணு' என்று ஒலிக்கின்றன. குடத்து நீரில் சிறு வட்டங்கள் தோன்றி மறைகின்றன. நீங்கள் எழுந்து போய்ப் பார்க்க வேண்டியதில்லை. பாரம் ஏற்றிய லாரி ஒன்று சாலையில் போகிறது என்று படுத்தபடியே சொல்லிவிடுவீர்கள். கொஞ்சம் பழகிவிட்டால், அது பள்ளத்தில் இறங்கி ஏறியதையும் சொல்லிவிடுவீர்கள்.

கண்ணால் காணாத ஒன்றை, அது எழுப்பும் அதிர்வைக் கொண்டே அறிய முடிகிறது அல்லவா? பூமிக்கு அடியில் பாறை நழுவுவதை நில அதிர்வுமானி இப்படித்தான் அறிகிறது. உங்கள் மார்புக்கூட்டுக்குள்ளும் ஓர் உறுப்பு இரவு பகலாக அதிர்வை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ உங்கள் கைமுட்டி அளவே உள்ள இதயம் நிமிடத்துக்குச் சுமார் 72 முறை துடிக்கிறது. அப்படியானால் ஓர் ஆண்டுக்கு எத்தனை துடிப்பு? 72-ஐ 60-ஆலும், 24-ஆலும், 365-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 3 கோடியே 78 லட்சத்துக்கு மேல் வரும். இந்த ஒவ்வொரு துடிப்பும் மார்பின் தோலை இலேசாக ஆட்டிவிட்டுத்தான் போகிறது. அந்த ஆட்டத்தை அளந்தால் உள்ளே நடப்பதை அறியலாமா? அறியலாம். எப்படி என்று காண்போம்.

கட்டளை வேறு, வேலை வேறு

இதய நோய் என்றதும் ஈ.சி.ஜி. எடுப்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகரில் பணியாற்றிய எயின்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வளர்த்தெடுத்தார். 1924-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். ஈ.சி.ஜி. எதைக் காட்டுகிறது? இதயத் தசையில் பரவும் மின்சாரத்தைக் காட்டுகிறது. 'சுருங்கு' என்று தசைக்குக் கட்டளை போனதா, சரியான நேரத்தில் போனதா, எல்லாப் பகுதிக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதையெல்லாம் அது சொல்லும்.

ஆனால் கட்டளை போவது வேறு, வேலை நடப்பது வேறு. தலைமை ஆசிரியர் மணி அடிக்கச் சொன்னார் என்பதனாலேயே மணி அடித்துவிட்டது என்று ஆகிவிடுமா? மின்சாரம் ஒழுங்காகப் பாய்ந்தும் தசை இரத்தத்தை வெளியே தள்ளாத ஆபத்தான நிலை ஒன்று மருத்துவத்தில் உண்டு. வால்வு சரியாக மூடியதா, இரத்தம் பின்னோக்கிக் கசிந்ததா என்பதையும் மின்சாரம் நேரடியாகச் சொல்லாது. அதைச் சொல்ல வல்லவை இதயத்தின் ஒலியும் அதிர்வும்தான். எயின்தோவனும் இதை அறிந்திருந்தார். 1894-இலேயே அவர் இதய ஒலிகளைக் கருவியால் பதிவு செய்திருக்கிறார்.

'லப்–டப்' பிறப்பது எப்படி?

இதயத்தில் நான்கு அறைகள் உண்டு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மேலே இரண்டு ஆரிக்கிள்கள், கீழே இரண்டு வெண்ட்ரிக்கிள்கள். ஆரிக்கிளுக்கும் வெண்ட்ரிக்கிளுக்கும் நடுவே வலப்புறம் மூவிதழ் வால்வும், இடப்புறம் ஈரிதழ் வால்வும் இருக்கின்றன. வெண்ட்ரிக்கிள்களிலிருந்து பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் புறப்படும் வாயில்களில் அரைச்சந்திர வால்வுகள் இருக்கின்றன. இந்த நான்கும் ஒருவழிக் கதவுகள். ஒரு பக்கமாகவே திறக்கும்.

வெண்ட்ரிக்கிள்கள் சுருங்கத் தொடங்கியதும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடிக்கொள்கின்றன. முன்னேறி வந்த இரத்தம் சட்டென்று தடுக்கப்பட, வால்வின் இதழ்களும் இதயச் சுவரும் இரத்தமும் சேர்ந்து அதிர்கின்றன. இதுவே 'லப்'. ஒரு சுருக்கத்தில் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தம் பெருந்தமனிக்குள் தள்ளப்படுகிறது. சுருக்கம் முடிந்ததும் அரைச்சந்திர வால்வுகள் மூடிக்கொள்கின்றன. இதுவே 'டப்'.

'லப்' சற்று நீண்டது, தாழ்ந்த சுருதி உடையது. 'டப்' குறுகியது, சற்று உயர்ந்த சுருதி உடையது. 'லப்'புக்கும் 'டப்'புக்கும் இடையே ஏறத்தாழ 0.3 விநாடி. 'டப்'புக்கும் அடுத்த 'லப்'புக்கும் இடையே ஏறத்தாழ 0.5 விநாடி. இதயம் உழைப்பது குறைந்த நேரம், நிரம்பிக்கொள்வது அதிக நேரம் என்பதை இந்தத் தாளத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

வால்வு பழுதானால் இந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையில் வேறோர் ஓசை நுழைகிறது. குழாயை முழுவதும் திறந்தால் நீர் அமைதியாகக் கொட்டுகிறது. பாதி மூடினால் 'ஸ்ஸ்' என்று இரைகிறது. குறுகிய வழியில் விரைந்து பாயும் நீர் சுழித்துக் குழம்புவதே இதற்குக் காரணம். சுருங்கிப்போன வால்வின் வழியாகவோ, சரியாக மூடாத வால்வின் இடுக்கு வழியாகவோ பாயும் இரத்தமும் அப்படியே இரைகிறது. இதை மருத்துவர்கள் முணுமுணுப்பு என்பார்கள்.

பீப்பாயைத் தட்டியவரும் காகிதம் சுருட்டியவரும்

பலாப்பழமோ தர்ப்பூசணியோ வாங்குபவர் அதைத் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். மண்பானை வாங்குபவரும் சுண்டிப் பார்த்தே வாங்குவார். ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் ஆவென்பிரகர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டினால் அதில் பானம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும் அல்லவா? அதே முறையில் நோயாளியின் மார்பைத் தட்டி, உள்ளே காற்று இருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்று அறியும் வழியை 1761-இல் அவர் வெளியிட்டார். அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. பிரெஞ்சு மருத்துவர் கோர்விசார் 1808-இல் அதை மொழிபெயர்த்த பிறகே அது பரவியது.

அந்தக் கோர்விசாரின் மாணவர்தான் லென்னக். 1816-இல், பாரிஸ் நகரில், இதய நோயுற்ற ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கத் தயங்கிய அவர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைக் காதிலும் வைத்தார். நேரடியாகக் கேட்பதைவிட ஒலி தெளிவாகக் கேட்டது. பிறகு மரத்தைக் கடைந்து குழல் செய்தார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் முன்னோடி. நெஞ்சின் ஒலிகளை வகைப்படுத்திய லென்னக், 1826-இல் தமது 45-ஆம் வயதில் காசநோயால் இறந்தார்.

அதே காசநோயோடு போராடவே நம் பகுதியில் ஒரு மருத்துவமனை எழுந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து வரும் மின்ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கு காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1917-இல் இங்கிலாந்தில் கணித மேதை இராமானுஜன் நோயுற்றபோது தங்கிச் சிகிச்சை பெற்ற ஒரு சானடோரியத்தை நடத்தியவரும் இவரே. தாம்பரம் சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றது. இன்று அது அரசு நெஞ்சக மருத்துவமனை. எத்தனையோ மருத்துவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நெஞ்சின் ஒலியைக் கேட்டுக் காது பழகியிருக்கிறார்கள். ஆனால் காதுக்கு ஓர் எல்லை உண்டு.

காதுக்கு எட்டாத அதிர்வு

மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று படித்திருக்கிறோம். அதாவது, விநாடிக்கு 20 அதிர்வுக்குக் குறைந்தால் அது நமக்கு ஒலியே அல்ல. இதய ஒலிகளின் ஆற்றலில் பெரும்பகுதி 20-க்கும் 150-க்கும் இடைப்பட்ட அதிர்வெண்ணில் இருக்கிறது. நம் காது மிகவும் மந்தமாக இருக்கும் பகுதி இதுதான். முணுமுணுப்புகள் இதைவிட உயர்ந்த அதிர்வெண்ணிலும் வரும். ஆனால் இதயம் எழுப்பும் அசைவில் பெரும்பங்கு 20 ஹெர்ட்ஸுக்கும் கீழே உள்ளது. எவ்வளவு நல்ல ஸ்டெதாஸ்கோப் ஆனாலும் அதைக் கேட்க முடியாது. உணரத்தான் முடியும்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் கார்டன். ஒருவர் எடை பார்க்கும் கருவியின் மேல் அசையாமல் நின்றாலும், நாடித் துடிப்புக்கு ஏற்ப அதன் முள் நடுங்குவதை அவர் 1877-இல் விளக்கினார். காரணம் நியூட்டனின் மூன்றாம் விதியே. துப்பாக்கி குண்டை முன்னே தள்ளும்போது தான் பின்னே உதைக்கிறது அல்லவா? இதயம் இரத்தத்தைத் தலைப்பக்கம் தள்ளும்போது உடல் சிறிது கால்பக்கம் உதைபடுகிறது. 1939-இல் அமெரிக்க மருத்துவர் ஐசக் ஸ்டார் நோயாளியை அசையும் மேசையில் படுக்க வைத்து இந்த உதைப்பைப் பதிவு செய்தார்.

உடல் முழுவதன் உதைப்பை அளக்காமல், நெஞ்செலும்பின் மேலேயே உணர்கருவியை வைத்து அங்குள்ள அதிர்வை அளந்தால் என்ன? 1961-இல் சோவியத் நாட்டில் பொழென்கோ இம்முறையைப் பற்றி எழுதினார். 1960-களில் சோவியத் விண்வெளி வீரர்களின் இதயத்தைக் கவனிக்கவும் இது பயன்பட்டது. 1990-இல் அமெரிக்காவில் சலெர்னோவும் சனெட்டியும் இதை மீண்டும் எடுத்து வளர்த்தார்கள். நில அதிர்வை அளப்பது போலவே இருப்பதால் இதற்கு 'சீஸ்மோகார்டியோகிராபி' என்று பெயர். தமிழில் இதய அதிர்வு வரைவு எனலாம். இதில் பெருந்தமனி வால்வு திறக்கும் நொடியும் மூடும் நொடியும் தனித்தனி முகடுகளாகத் தெரியும். மின் கட்டளை பிறந்து சுமார் 0.1 விநாடி கழித்தே வால்வு திறக்கிறது. அந்த இடைவெளி நீண்டால், தசை தளர்ந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் ஐயுறலாம்.

எவ்வளவு சிறிய அசைவு?

மார்பின் மேல் இதயம் உண்டாக்கும் முடுக்கம் மிகச் சிறியது. புவியீர்ப்பு முடுக்கத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். ஆயிரத்தில் 5 பங்கு என்று கொள்வோம். 9.8-ஐ 0.005-ஆல் பெருக்கினால் 0.049 கிடைக்கும். அலகு மீட்டர்/விநாடி². அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம்.

சீரிசை இயக்கத்தில் முடுக்கத்தின் பெரும மதிப்பு = 4π² × அதிர்வெண்ணின் இருமடி × வீச்சு. ஆகவே, வீச்சு = 0.049 ÷ (4 × 9.87 × 100). விடை ஏறத்தாழ 0.000012 மீட்டர். அதாவது 12 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆறில் ஒரு பங்கு அசைவைத்தான் நாம் பிடிக்கப் பார்க்கிறோம்! இதற்கு என்ன கருவி வேண்டும்?

மூவகை உணர்கருவிகள்

முதலாவது, ஒலிவாங்கி. ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத் தலைக்குள் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, வரும் மின் குறிகையைப் பெருக்கிப் பதிவு செய்யலாம். மின்னணு ஸ்டெதாஸ்கோப் என்பது இதுவே. இதய ஒலிகளுக்கும் முணுமுணுப்புக்கும் இது ஏற்றது.

இரண்டாவது, அழுத்தமின் தகடு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை 1880-இல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தார்கள். இன்று பாடும் வாழ்த்து அட்டைகளிலும் 'பீப்' ஒலி எழுப்பும் கருவிகளிலும் இருக்கும் மெல்லிய பித்தளை வட்டம் இந்த வகையே. மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். அதையே அதிரச் செய்தால் மின்சாரம் கொடுக்கும். மார்கழிக் கச்சேரிகளில் வீணையின் மரத்திலேயே ஒட்டவைக்கும் ஒலிவாங்கியைப் பார்த்திருக்கிறீர்களா? காற்றின் ஒலியை விட்டு, மரத்தின் அதிர்வை நேரே வாங்குவதே அதன் வேலை. மார்பில் ஒட்டும் தகடும் அவ்வாறே தோலின் அதிர்வை நேரே வாங்குகிறது.

மூன்றாவது, முடுக்கமானி. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னே சாய்கிறார். நிலைமமே காரணம். முடுக்கமானிக்குள்ளும் அப்படிச் சாயும் 'பயணி' ஒருவர் உண்டு. சிலிக்கன் சில்லுக்குள் நுண்ணிய வில்களில் தொங்கும் ஒரு சிறு நிறைதான் அவர். அதன் விளிம்பில் சீப்பின் பற்கள் போன்ற தகடுகள் உண்டு. எதிரே அசையாத இன்னொரு சீப்பு. நிறை நகர்ந்தால் பற்களுக்கு இடையே உள்ள தூரம் மாறும், மின்தேக்குத்திறனும் மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் முடுக்கம் தெரிந்துவிடும்.

இத்தகைய சீப்பு நிலவுக்கும் போயிருக்கிறது. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3, இல்சா என்னும் நில அதிர்வுக் கருவியைச் சுமந்து சென்றது. சிலிக்கனில் நம் நாட்டிலேயே செதுக்கிய ஆறு முடுக்கமானிகள் அதில் இருந்தன. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் பொறியியல் பட்டப் படிப்பு படித்தது மேற்குத் தாம்பரத்தில். சென்னை ஐ.ஐ.டி.யில் அவர் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததும் அதிர்வைப் பற்றியே. மின்னணுக் கருவிகளில் வேண்டாத அதிர்வை எப்படி அடக்குவது என்பது அவருடைய ஆய்வு.

இரைச்சலுக்குள் இதயத்தைத் தேடுதல்

கருவி கிடைத்துவிட்டால் போதுமா? போதாது. மார்பின் மேல் வைத்த முடுக்கமானிக்கு இதயம் மட்டுமா தெரியும்? மூச்சு தெரியும். வயிற்றின் குமுறல் தெரியும். பேசினால் தெரியும். சாலையில் போகும் அந்த லாரியும் தெரியும்!

இவற்றைப் பிரிக்க இரண்டு வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, சல்லடை. மாவைச் சலிப்பது போல, அதிர்வெண்ணைச் சலிப்பது. நாம் நிமிடத்துக்கு 15 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். அதாவது, 0.3 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை எல்லாம் நீக்கிவிட்டால் மூச்சின் ஏற்ற இறக்கம் பெரிதும் போய்விடும். மேல்பக்கத்திலும் ஓர் எல்லை கட்டினால் வேறு பல இரைச்சல்கள் ஒழியும்.

இரண்டாவது, சராசரி. இதுவே அழகான வழி. லாரி உங்கள் இதயத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதன் அதிர்வுக்கும் உங்கள் துடிப்புக்கும் தொடர்பு இல்லை. ஆகவே, ஈ.சி.ஜி.யின் கூர்முனையை அடையாளமாக வைத்து, 100 துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்டினால் என்ன ஆகும்? இதயத்தின் குறிகை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுவதால் 100 மடங்காகும். தற்செயலான இரைச்சலோ, ஒருமுறை மேலும் ஒருமுறை கீழும் விழுந்து ஒன்றையொன்று அழிப்பதால், 100-இன் வர்க்கமூலமான 10 மடங்குதான் ஆகும். ஆக, இரைச்சலைவிட இதயம் பத்து மடங்கு தெளிவாகிறது. இதற்கு ஒன்றரை நிமிடம் அசையாமல் படுத்திருந்தால் போதும்.

ஆனால் சராசரி எடுப்பதில் ஓர் இழப்பும் உண்டு. எப்போதோ ஒருமுறை தப்பித் துடிக்கும் துடிப்பு, சராசரியில் கரைந்து மறைந்துவிடும். அதைத் தேடுபவர் ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியே பார்த்தாக வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த பிறகே எப்படித் தேடுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

தொண்டை வலியும் இதய வால்வும்

இவ்வளவு பாடுபட்டு இதைக் கேட்பானேன் என்று நீங்கள் எண்ணலாம். உங்கள் வயதுக்காரர்களுக்கே இதில் அக்கறை வேண்டும். ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியத்தின் ஒரு வகை தொண்டைப் புண்ணை உண்டாக்குகிறது. 5 முதல் 15 வயதுக்கு உட்பட்ட சிறார்களிடம் இது மிகுதி. நெருக்கமான வீடுகளில் எளிதாகப் பரவும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆனால் சிலருக்கு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, காய்ச்சலும் மூட்டு வலியும் வரும். கிருமியை எதிர்க்க உடல் திரட்டிய படை, ஆள் தெரியாமல் தன் சொந்த இதய வால்வையே தாக்கத் தொடங்கும். இது ருமாட்டிக் காய்ச்சல். திரும்பத் திரும்ப வந்தால் வால்வு தடித்து, ஒட்டி, சுருங்கிப் போகும். பெரும்பாலும் ஈரிதழ் வால்வே இதற்கு இரையாகும். உலகில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயோடு வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள்.

இதில் வருந்தத்தக்கது என்னவென்றால், இது தடுக்கக்கூடிய நோய். மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டால் காய்ச்சல் திரும்ப வராமல் காக்கலாம். உகாண்டா நாட்டில், வால்வில் தொடக்கநிலை மாற்றம் மட்டுமே கொண்ட 800-க்கும் மேற்பட்ட சிறார்களிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியாயிற்று. இரண்டு ஆண்டுகளில், ஊசி போடப்பட்டவர்களில் நோய் முற்றியது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஊசி போடப்படாதவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர். ஆகவே, கேள்வி ஒன்றுதான். நோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கிறோமா?

நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்னும் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து மாணவரைச் சோதிக்கின்றன. பிறவி இதயக் குறையும் ருமாட்டிக் இதய நோயும் அவர்கள் தேடும் நோய்ப் பட்டியலில் உண்டு. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மாணவர், வெளியே விளையாட்டுக் கூச்சல், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு! மெல்லிய முணுமுணுப்பைக் காது தவறவிட எவ்வளவு வாய்ப்பு! ஒலியைப் பதிவு செய்து, சலித்து, திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கவும் தொலைவில் உள்ள இதய மருத்துவருக்கு அனுப்பவும் வழி செய்யும் கருவி இங்கேதான் கைகொடுக்கிறது.

கருவி கேட்காத நோய்

கருவி எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பள்ளிக் குழந்தைகளை முதலில் ஸ்டெதாஸ்கோப்பாலும், பிறகு மீயொலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவியாலும் சோதித்தார்கள். 2007-இல் வெளியான முடிவு திகைக்க வைத்தது. ஸ்டெதாஸ்கோப் காட்டியதைப் போல் ஏறத்தாழ பத்து மடங்கு குழந்தைகளுக்கு வால்வு நோய் இருப்பதை எக்கோ காட்டியது. தொடக்கநிலை நோய் பெரும்பாலும் ஓசை எழுப்புவதே இல்லை! எழாத ஓசையை எந்த உணர்கருவியும் கேட்க முடியாது.

மறுபக்கமும் உண்டு. நல்ல உடல்நலம் உள்ள பல சிறார்களின் இதயத்திலும் மெல்லிய முணுமுணுப்பு கேட்கும். அது தீங்கற்றது. வளர வளர மறைந்துவிடும். ஆகவே 'ஓசை உண்டு' என்பது நோய் உண்டு என்பதற்கு முடிவான சான்று அன்று. 'ஓசை இல்லை' என்பதும் நோய் இல்லை என்பதற்கு முடிவான சான்று அன்று. மார்பின் மேல் வைக்கும் உணர்கருவி வாயிற்காவலர் போன்றது. யாரை உடனே உள்ளே அனுப்ப வேண்டும் என்று சொல்லும். தீர்ப்பு எழுதுவது மருத்துவரும் எக்கோவும்தான்.

நம் நாட்டில் நடப்பவை

2020-இல் கொரோனா பரவியபோது, முழுக் கவச உடை அணிந்த மருத்துவர்கள் காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்ட முடியாமல் திண்டாடினார்கள். நெஞ்சின் ஒலியைக் கம்பியில்லாமல் அனுப்பும் மின்னணு ஸ்டெதாஸ்கோப் ஒன்றை மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த குழுவினர் அப்போது மருத்துவமனைகளுக்கு வழங்கினார்கள். 2015-இல் பெங்களூரில் தொடங்கிய டோசீ என்னும் நிறுவனத்தின் உணர்தகடு, மார்பைத் தொடுவதே இல்லை. மெத்தைக்கு அடியில் கிடந்தபடியே, கார்டன் கண்ட அதே உதைப்பிலிருந்து நாடியையும் மூச்சையும் அளக்கிறது. கோவிலம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில் உள்ள சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையம் ஆர்ட்சென்ஸ் என்னும் கருவியை உருவாக்கியிருக்கிறது. கழுத்துத் தமனியின் சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு விரிகிறது என்பதை மீயொலியால் அளந்து, தமனி விறைத்துவிட்டதா என்று அது சொல்கிறது.

பின்லாந்து நாட்டின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் சாதாரணக் கைப்பேசியையே நோயாளிகளின் மார்பில் வைத்தார்கள். அதிலுள்ள உணர்கருவிகளின் பதிவைக் கொண்டு, ஆரிக்கிள்கள் தாறுமாறாக நடுங்கும் நோயை அறிய முடியுமா என்று 300 பேரிடம் சோதித்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 95 பேருக்குச் சரியான விடை கிடைத்ததாக 2018-இல் அறிவித்தார்கள்.

பழுதான வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கும் ஒலி உதவுகிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் குழுவினரும் உருவாக்கிய இந்திய வால்வு, முதன்முதலில் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. உலோகக் கூட்டுக்குள் சாய்ந்து திறக்கும் பிளாஸ்டிக் வட்டு அது. இத்தகைய வால்வுகள் மூடும்போது 'டிக்' என்று தெளிவாக ஒலிக்கும். அதில் இரத்தக் கட்டி படிந்தால் அந்த 'டிக்' மங்கிவிடும். பொருத்தியவரே கேட்டு எச்சரிக்கை அடையலாம்.

செய்து பாருங்கள்

1. ஒரு சிறு பிளாஸ்டிக் புனலில் அரை மீட்டர் ரப்பர் குழாயைச் செருகுங்கள். புனலை நண்பரின் மார்பில், இடப்பக்கம் சற்றுக் கீழே வைத்து, குழாயின் மறுமுனையைக் காதருகில் பிடியுங்கள். 'லப்' எது, 'டப்' எது? எந்த இடைவெளி நீளம்? நண்பர் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்த பின் மீண்டும் கேளுங்கள். எந்த இடைவெளி அதிகம் குறுகியது?

2. முள் உள்ள வில்தராசு எடைக்கருவி கிடைத்தால் அதில் அசையாமல் நின்று, முள்ளை நண்பரைக் கவனிக்கச் சொல்லுங்கள். அதே நேரம் உங்கள் நாடியை எண்ணுங்கள்.

3. வீட்டில் பெரியவரின் கைப்பேசியைக் கேட்டு வாங்கி, முடுக்கமானியின் அளவை வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றைப் போடுங்கள். மல்லாந்து படுத்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் கைப்பேசியைத் தட்டையாக வையுங்கள். 9.8 என்னும் அளவைச் சுற்றி வரைகோடு மெல்ல ஏறி இறங்குவது மூச்சு. பத்து விநாடி மட்டும் மூச்சை நிறுத்தினால், அந்த ஏற்ற இறக்கம் அடங்கி, 0.05 அளவில் கூர்முனைகள் ஒழுங்காகத் தோன்றும். அவையே உங்கள் இதயம். பத்து விநாடியில் எத்தனை என்று எண்ணி ஆறால் பெருக்குங்கள். கையால் பார்த்த நாடியோடு ஒத்துப்போகிறதா?

இவை இயற்பியல் சோதனைகளே, மருத்துவச் சோதனைகள் அல்ல. வரைகோடு எப்படி இருந்தாலும் அதைக் கொண்டு உங்களுக்கோ நண்பருக்கோ நோய் இருப்பதாக முடிவு கட்டாதீர்கள். ஆனால் தொண்டை வலிக்குப் பின் மூட்டு மூட்டாக வலி மாறி வந்தாலோ, படி ஏறினாலே மூச்சு வாங்கினாலோ வீட்டில் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் மறக்காமல் போய் நில்லுங்கள். மருத்துவர் உங்கள் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும் அந்த அரை நிமிடம் மட்டும் பேசாமல், சிரிக்காமல், அசையாமல் இருங்கள். தலைமுடியில் ஆறில் ஒரு பங்கு அசைவைத்தான் அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.